ஓப்பன்சிவி: கேமரா படத்தைக் காட்டவும் அதன்மேல் கோடு போடவும் எவ்வளவு தூரம் நம்பலாம்?

சொந்தமாக எழுதும் மென்பொருளில் கேமராவின் நேரலைப் படத்தைக் காட்டி, அதன்மேல் கோடு, வட்டம், அளவு, பெயர் எல்லாம் போட வேண்டுமென்றால் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது, படங்களைக் கையாளும் ஆயத்த நிரல்களின் நூலகமான ஓப்பன்சிவியில்தான். இன்டெல்லில் 1999-இல் தொடங்கியது, 2006-இல் 1.0, 2018 நவம்பரில் 4.0. பதிப்பு 4.5.0 முதல் அப்பாச்சி 2 உரிமம் என்பதால் விற்பனைக்குப் போகும் மென்பொருளிலும் கட்டணமின்றிச் சேர்க்கலாம். இங்கே பேசுவது 4 வரிசையைப் பற்றி. மனத்தில் வைத்திருக்கும் வேலை, யூஎஸ்பி கேமரா பொருத்திய ஒரு சோதனை மேசை. திரையில் 1920×1080 படம் ஓட வேண்டும். இயக்குபவர் மவுசால் துளையின் விட்டத்தை அளக்க வேண்டும். குறை இருந்தால் பெயரோடு குறிக்க வேண்டும்.

தீர்ப்பை இப்போதே சொல்லிவிடலாம். படத்தை வாங்குவதற்கும் அதில் கணக்குப் போடுவதற்கும் இதைவிட நல்ல இலவசக் கருவி கிடையாது. ஆனால் அதனுடன் வரும் விண்டோ, சோதித்துப் பார்க்க மட்டுமே. வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் மென்பொருளில் அந்த விண்டோவை வைக்காதீர்கள். கோடுகளையும் ஃபிரேமின் (கேமரா தரும் ஒவ்வொரு படத்தின்) மேலேயே வரையாதீர்கள். படம் ஒரு அடுக்கு, வரைவது வேறொரு அடுக்கு. இந்த ஒரு பிரிவினையைத் தொடக்கத்திலேயே செய்யாத மென்பொருள், ஜூம், பதிவு, தமிழ் எழுத்து என்று ஒவ்வொன்று கேட்கப்படும்போதும் உடைத்து எழுதப்படும்.

நிறுவுவதில் ஒரு பொறி உண்டு. பைதானின் பொதி நிறுவியான பிப்பில் நான்கு பொதிகள் இருக்கின்றன. சாதாரணம், கூடுதல் தொகுதிகள் சேர்ந்த கான்ட்ரிப், இரண்டுக்கும் ஹெட்லெஸ் வடிவம். நான்கும் சிவி2 என்ற ஒரே பெயரில்தான் வந்து உட்காரும். ஒன்றுக்குமேல் போட்டால் ஒன்றன் கோப்புகளை மற்றொன்று அழித்து எழுதிவிடும். லினக்சில் பைக்யூட்டி5 (விண்டோ, பொத்தான் போன்றவற்றை உருவாக்கும் க்யூட்டி நூலகத்தின் பைதான் வடிவம்) பயன்படுத்துபவர்கள் சாதாரணப் பொதியைப் போட்டால், திரையில் விண்டோ காட்டும் எக்ஸ்சிபி பிளகினை ஏற்ற முடியவில்லை என்ற பிழையோடு நிரல் நின்றுபோகும். அந்தப் பொதி தனக்கென்று ஒரு க்யூட்டியைச் சுமந்து வருகிறது, இரண்டும் மோதிக்கொள்கின்றன. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஹெட்லெஸ் ஒன்றை மட்டும் நிறுவினால் சரியாகிவிடும். அதில் விண்டோ காட்டும் பகுதி கிடையாது. க்யூட்டி இருக்கும்போது அது தேவையும் இல்லை.

கேமராவைத் திறக்கும்போது

எண் 0 கொடுத்துத் திறப்பதைத்தான் எல்லாப் பாடங்களும் காட்டுகின்றன. வேலை செய்யும், ஆனால் எந்தப் பின்தளம் (கேமராவோடு பேசும் இயங்குதளப் பகுதி) வழியாகத் திறந்தது என்பது உங்கள் கையில் இருக்காது. விண்டோசில் டைரக்ட்ஷோவும் எம்எஸ்எம்எஃப்பும் உண்டு, லினக்சில் வி4எல்2. இரண்டாவது அளவுருவில் எது வேண்டுமென்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எம்எஸ்எம்எஃப் வழியில் சில வெப்கேம்கள் திறக்கவே பல வினாடி எடுக்கும். அதன் வன்பொருள் உருமாற்றத்துக்கென்று ஒரு சூழல் மாறி இருக்கிறது. அதை 0 ஆக்கினால் உடனே திறக்கும். சிவி2-வை இறக்குமதி செய்யும் வரிக்கு முன்பே ஆக்க வேண்டும், பின்னால் ஆக்கிப் பயனில்லை. லினக்சில் இன்னொரு குழப்பம்: ஒரே கேமராவுக்கு வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு நோடுகள் (சாதனக் கோப்புகள்) தெரியும். இரண்டாவதில் படம் வராது, மெட்டாடேட்டா மட்டுமே. ஆகவே அடுத்த கேமராவின் எண் பெரும்பாலும் 2.

‘கேமரா 30 ஃபிரேம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, 5 தான் வருகிறது’ என்பது அடிக்கடி கேட்கும் புகார். கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். அமுக்காத ஒய்யூஒய்வி வடிவத்தில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். 1920×1080 என்றால் ஒரு ஃபிரேம் 41,47,200 பைட். வினாடிக்கு 30 என்றால் சுமார் 124 எம்பி. யூஎஸ்பி 2.0 கம்பியின் ஏட்டளவு வேகமே வினாடிக்கு 60 எம்பிதான், நடைமுறையில் அதுவும் கிடைக்காது. அதனால் கேமரா தானாகவே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் அமுக்கி அனுப்பும் எம்ஜேபிஜி வடிவத்தைக் கேட்டால் 30 வந்துவிடும். வடிவத்தை முதலில், பிறகு அகலம் உயரம், கடைசியில் ஃபிரேம் வேகம் என்ற வரிசையில் அமைப்பது பாதுகாப்பானது. சில பின்தளங்களில் வரிசை மாறினால் கோரிக்கை காற்றோடு போய்விடும். அமைக்கும் கட்டளை ‘சரி’ என்று திருப்பிச் சொன்னாலும் நம்ப வேண்டாம். கேட்டதைத் திரும்பப் படித்துப் பாருங்கள், வந்த முதல் ஃபிரேமின் அளவையும் பாருங்கள்.

எம்ஜேபிஜி போட்ட பிறகும் 15-ஐத் தாண்டவில்லை என்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். மங்கலான அறையில் தானியங்கி எக்ஸ்போஷர், ஒரு ஃபிரேமுக்கு அதிக நேரம் வெளிச்சம் வாங்குவதற்காக வேகத்தைப் பாதியாக்கிவிடும். மேசைமேல் ஒரு எல்இடி விளக்கு வைத்து, எக்ஸ்போஷரைக் கைமுறைக்கு மாற்றுங்கள். வி4எல்2-வில் கைமுறைக்கு மதிப்பு 1, தானியங்கிக்கு 3. அளவெடுக்கும் வேலையில் ஆட்டோஃபோகசையும் கட்டாயம் அணைக்க வேண்டும். ஃபோகஸ் நகர்ந்தால் உருப்பெருக்கமும் சற்று நகரும், மில்லிமீட்டர் கணக்கு தவறும்.

தாமதம்

இந்தக் கருவியின் ஆவணங்கள் போதிய அளவு எச்சரிக்காத இடம் இது. படிக்கும் கட்டளை சமீபத்திய ஃபிரேமைத் தருவதில்லை, வரிசையில் அடுத்து நிற்பதைத் தருகிறது. வி4எல்2 பின்தளம் வழக்கமாக 4 பஃபர்கள் (ஃபிரேம்கள் காத்திருக்கும் இடங்கள்) வைத்திருக்கும். நம் கணக்கு ஒரு ஃபிரேமுக்கு 100 மில்லிவினாடி எடுத்தால், திரையில் தெரிவது ஏறத்தாழ 0.3 முதல் 0.4 வினாடி பழைய படம். கையை அசைத்தால் படம் பின்தங்கி வருவது கண்ணுக்கே தெரியும். நெட்வொர்க் கேமராவில் நிலைமை இன்னும் மோசம், தாமதம் நிலையாக நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும். கேமரா வினாடிக்கு 25 அனுப்புகிறது, நாம் 20 படிக்கிறோம் என்று வையுங்கள். ஒரு நிமிடத்தில் 300 ஃபிரேம் தேங்கும், அதாவது 12 வினாடித் தாமதம். பஃபர் நிரம்பி இணைப்பு அறுகிற வரை இது கூடும்.

பஃபர் அளவை 1 ஆக்கும் அமைப்பு உண்டு, ஆனால் எல்லாப் பின்தளங்களும் அதை மதிப்பதில்லை. உறுதியான வழி, படிப்பதற்கென்று தனி த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) ஒன்றை ஓட விடுவது. அது நிற்காமல் படித்து, கடைசி ஃபிரேமை மட்டும் பூட்டுப்போட்ட ஒரு மாறியில் வைத்துக்கொண்டிருக்கட்டும். கணக்கிடும் பகுதி தனக்கு நேரம் கிடைக்கும்போது அதை எடுத்துக்கொள்ளட்டும். பைதானிலும் இது ஒழுங்காக ஓடும், ஏனென்றால் ஓப்பன்சிவி தன் வேலையைச் செய்யும் நேரத்தில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பைதானின் பூட்டை விட்டுவிடுகிறது. ஜிஸ்ட்ரீமர் என்ற வீடியோ நூலகம் வழியாகப் படிப்பவர்கள் அதன் கடைசிக் கண்ணியான ஆப்சிங்கில் பஃபர் உச்சவரம்பை 1 ஆக்கி, பழையதைக் கைவிடும் அமைப்பை இயக்கினால் இதே பலன் கிடைக்கும். பிப்பில் கிடைக்கும் பொதிகளில் ஜிஸ்ட்ரீமர் சேர்க்கப்படவில்லை, மூலத்திலிருந்து நீங்களே கட்ட வேண்டும்.

தாமதத்தை அளக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுக் கேமராவுக்கு முன்னால் வையுங்கள். கைபேசியும் கணினித் திரையும் ஒன்றாகத் தெரியும்படி இன்னொரு கைபேசியால் படம் எடுங்கள். இரண்டு எண்களின் வித்தியாசம்தான் தாமதம். பத்துப் படம் எடுத்து, நடுவில் வரும் மதிப்பைக் கணக்கில் கொள்ளுங்கள்.

உடன் வரும் விண்டோ

இரண்டு வரியில் படம் வந்து நிற்பது உண்மையிலேயே பெரிய வசதி. புதிதாக ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கவும், புது கேமராவைச் சரிபார்க்கவும் இதற்கு ஈடில்லை. காத்திருக்கும் கட்டளையை விட்டுவிட்டால் விண்டோ சாம்பல் நிறமாகவே நிற்கும், ஏனென்றால் திரையைப் புதுப்பிக்கும் வேலையே அந்தக் கட்டளைக்குள்தான் நடக்கிறது. காத்திருப்பு 30 என்று எழுதும் பழக்கமும் பாடங்களிலிருந்து பரவியதுதான். கேமரா ஏற்கெனவே 33 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் ஃபிரேம் தருகிறது. அதன்மேல் நாமும் 30 காத்திருந்தால், கணக்கிடச் சற்று நேரம் எடுத்தாலே ஃபிரேம்கள் தவறும். நேரலைக்கு 1 போதும். மேல்மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் விண்டோ மூடும், அடுத்த ஃபிரேமில் மறுபடி முளைக்கும். விண்டோ தெரிகிறதா என்ற பண்பை ஒவ்வொரு சுற்றிலும் கேட்டு, 1-க்குக் கீழே போனால் சுற்றை முறித்து வெளியேற வேண்டும். பட்டியல், உரைப்பெட்டி என்று கேட்க ஆரம்பித்தால் இங்கே வழியில்லை.

வரைதல்

கோடு, செவ்வகம், வட்டம், பலகோணம் என்று கட்டளைகள் எளிமையானவை, வேகமானவை. நிறம் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் போகும். சிவப்புக் கோடு கேட்டு நீலம் வந்தால் இந்த வரிசையைத்தான் தலைகீழாகக் கொடுத்திருக்கிறீர்கள். விளிம்பு வழவழப்பாக்கும் ஏஏ முறை 8 பிட் படத்தில் மட்டுமே வேலை செய்யும். தொழிற்சாலைக் கேமராக்கள் தரும் 12 பிட் படத்தை 16 பிட் அணியில் வைத்து வரைந்தால், எந்தப் பிழையும் சொல்லாமல் படிக்கட்டுக் கோடுதான் வரும். பைதானில் நிற வரிசையை மாற்ற எண் அணிகளைக் கையாளும் நம்பை நூலகத்தின் தலைகீழ் வெட்டு முறையைப் பயன்படுத்திவிட்டு அதன்மேல் வரைந்தால், அணியின் அமைப்பு பொருந்தவில்லை என்ற பிழை வரும். அந்த வெட்டு உண்மையில் நினைவகத்தை மாற்றி அடுக்குவதில்லை, பின்னாலிருந்து படிக்கும் ஒரு பார்வைதான். நிறம் மாற்றும் கட்டளையையே பயன்படுத்துங்கள்.

ஒரு பிக்சலைவிட நுணுக்கமாக இடம் குறிக்க ‘ஷிஃப்ட்’ என்ற அளவுரு இருக்கிறது. அது 4 என்றால் எல்லா ஆயங்களையும் (இடத்தைக் குறிக்கும் எண்களையும்) 16-ஆல் பெருக்கிக் கொடுக்க வேண்டும். 100.25 என்ற இடம் 1604 ஆகும். வட்டத்தில் ஆரத்தையும் அதேபோல் பெருக்க வேண்டும். மறந்தால் புள்ளியளவு வட்டம் வரும். அளவெடுக்கும் மென்பொருளில் இது மிகவும் பயன்படும் வசதி. ஏனோ அதிகம் பேர் தொடுவதில்லை.

ஒளி ஊடுருவும் நிரப்பு நேரடியாகக் கிடையாது. இன்னொரு படியில் வரைந்து இரண்டையும் கலக்க வேண்டும். 1920×1080 படம் மூன்று நிறத்தோடு 62,20,800 பைட். முழுவதையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கலப்பது வீண். வரைந்த செவ்வகம் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் கலந்தால் போதும்.

இனி, ஏன் ஃபிரேமின் மேல் வரையக்கூடாது? ஒரு துளையைச் சுற்றி 1 பிக்சல் தடிமனில் பச்சை வட்டம் போடுகிறீர்கள். திரையில் படத்துக்குக் கிடைத்த இடம் 1000×700 மட்டுமே. படம் 0.52 மடங்காகச் சுருங்கும்போது அந்த வட்டமும் சுருங்கும். சில வளைவுகளில் மங்கிப்போகும், சில இடங்களில் விட்டுவிட்டுத் தெரியும். தடிமனை 3 ஆக்கினால், இயக்குபவர் ஜூம் செய்து பார்க்கும்போது பட்டை போன்ற கோடு துளையின் விளிம்பையே மறைக்கும். அளக்க வேண்டிய விளிம்பு அதுதான். பதிவு செய்த வீடியோவில் கோடுகள் படத்தோடு ஒட்டிப்போயிருக்கும், நாளைக்கு மறுபடி அளக்க வேண்டுமென்றால் வழியில்லை. விளிம்பு கண்டுபிடிக்கும் கணக்கு பின்னால் ஓடினால், நாம் போட்ட பச்சைக் கோட்டையே விளிம்பு என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே வடிவங்களைக் கேமராவின் ஆயங்களில் ஒரு பட்டியலாகச் சேமியுங்கள். திரைக்கு ஏற்றபடி சுருக்கிய பிறகு, திரையின் பிக்சல்களில் வரையுங்கள். மவுஸ் சொடுக்கைத் திரும்ப மாற்றும் கணக்கு ஒருமுறை புரிந்தால் போதும். 1000÷1920 = 0.5208, 700÷1080 = 0.648. சிறியதை எடுக்க வேண்டும், 0.5208. படத்தின் உயரம் 562.5, மேலும் கீழும் 68.75 வெற்றிடம். இயக்குபவர் 300, 200 என்ற இடத்தில் சொடுக்கினால், கேமரா ஆயம் 300÷0.5208 = 576, (200−68.75)÷0.5208 = 252. அந்த 68.75-ஐக் கழிக்க மறப்பதுதான் ‘கோடு எப்போதும் கொஞ்சம் கீழே விழுகிறது’ என்ற புகாரின் மூலம்.

தமிழில் எழுத

ஓப்பன்சிவியின் எழுதும் கட்டளை ஹெர்ஷி எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹெர்ஷி 1967-இல் உருவாக்கிய கோட்டெழுத்துகள் அவை. ஆங்கிலமும் எண்களும் வரும், தமிழ் கொடுத்தால் கேள்விக்குறிகள் வரிசையாக வரும். பட்டறையில் இயக்குபவருக்கு ‘வெடிப்பு’, ‘கீறல்’ என்று தமிழிலேயே காட்ட வேண்டுமானால் வேறு வழி பார்க்க வேண்டும்.

பலரும் பைதானின் இன்னொரு பட நூலகமான பில்லோவுக்குப் போகிறார்கள். அங்கே தமிழ் எழுத்துரு கொடுத்தால் எழுத்து வரும், ஆனால் அடிப்படை அமைப்பு முறையில் வந்தால் ‘வெடிப்பு’ என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு ‘வ’-வுக்குப் பின்னால் போய் ‘டி’-யோடு ஒட்டிக்கொள்ளும். தமிழில் கொம்பு யூனிகோடு வரிசையில் மெய்க்குப் பின்னாலும், எழுத்தில் முன்னாலும் நிற்கிறது. இடம் மாற்றி வைக்க ராக்ம் என்ற நூலகம் வேண்டும். விண்டோசில் அதற்குத் துணையான ஃப்ரிபிடி டிஎல்எல் கோப்பு இல்லையென்றால் ராக்ம் ஓசையில்லாமல் ஒதுங்கிவிடும், பில்லோ அடிப்படை முறைக்கே திரும்பிவிடும். ஆகவே நிரல் தொடங்கும்போதே ராக்ம் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் பில்லோவுக்கு மாற்றித் திரும்பக் கொண்டுவருவதும் வேண்டாத சுமை. குறையின் பெயர்களை ஒருமுறை சிறு படங்களாக எழுதி வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் கலந்தால் போதும். கான்ட்ரிப்பில், எழுத்துகளைச் சரியான இடத்தில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் துணையோடு எழுதும் ஃப்ரீடைப் தொகுதி உண்டு, பிப் பொதிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

க்யூட்டியோடு சேர்த்தால்

மேலே சொன்ன குறைகளில் பெரும்பாலானவை, படத்தை ஓப்பன்சிவியில் வாங்கி க்யூட்டியில் காட்டும்போது தீர்ந்துவிடுகின்றன. க்யூட்டியின் வரையும் பகுதியான பெயின்டர் ஹார்ஃப்பஸ் வழியாக எழுதுவதால் கொம்பும் புள்ளியும் சரியான இடத்தில் உட்காரும். கிராஃபிக்ஸ் வியூவில் படத்தை அடியில் ஒரு உருப்படியாகவும், கோடுகளை மேலே தனி உருப்படிகளாகவும் வைத்தால், தேர்ந்தெடுப்பது, இழுத்து நகர்த்துவது எல்லாம் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும். பேனாவைக் காஸ்மெடிக் ஆக்கினால் எவ்வளவு ஜூம் செய்தாலும் கோடு ஒரே தடிமனில் நிற்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுப் பின்னணியும் மாறுவதால், பார்வைப் பகுதி முழுவதையும் புதுப்பிக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டையும் இணைக்கும் இடத்தில் மூன்று சறுக்கல்கள். முதலாவது வரிசை நீளம். 638 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஒரு வரிசை 638×3 = 1914 பைட். நீளம் சொல்லாமல் க்யூஇமேஜ் (க்யூட்டியின் பட வடிவம்) உருவாக்கினால், அது 4-ஆல் வகுபடும் 1916 என்று எடுத்துக்கொள்ளும். வரிசைக்கு 2 பைட் நழுவும். நிறங்கள் சிதறி, படம் சாய்வாகச் சரிந்து, 480-ஆவது வரிசையில் 320 பிக்சல் தள்ளிப் போயிருக்கும். படத்தின் எல்லைக்கு வெளியே நினைவகத்தைப் படிப்பதால் நிரல் விழவும் கூடும். 640 அகலத்தில் சோதித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் 1920 தானே 4-ஆல் வகுபடுகிறது. ஓப்பன்சிவியின் பட அணியான மேட்டில் வரிசை நீளத்தைச் சொல்லும் ஸ்டெப் மதிப்பை எப்போதும் கொடுங்கள். க்யூட்டி 5.14 முதல் நீலம், பச்சை, சிவப்பு வரிசையிலான பிஜிஆர்888 வடிவம் இருப்பதால் நிறம் மாற்றும் வேலையும் மிச்சம்.

இரண்டாவது, க்யூஇமேஜ் தரவைப் பிரதி எடுப்பதில்லை, சுட்டிக்காட்டுகிறது. கேமரா த்ரெட் அதே நினைவகத்தில் அடுத்த ஃபிரேமை எழுதினால் பாதிப் படம் புதிதும் பாதி பழையதுமாகத் தெரியும். த்ரெட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு பிரதி எடுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு ஃபிரேமையும் க்யூட்டியின் அறிவிப்பு முறையான சிக்னலில் அனுப்புவது. முகப்புத் த்ரெட் ஒரு வினாடி தடுமாறினால் 30 படங்கள், சுமார் 187 எம்பி, வரிசையில் காத்திருக்கும். தடுமாற்றம் தொடர்ந்தால் நினைவகம் ஏறிக்கொண்டே போகும். கடைசி ஃபிரேமைப் பூட்டுக்குள் வைத்துவிட்டு, ‘புதியது வந்தது’ என்று மட்டும் சொல்லுங்கள். முந்தைய அறிவிப்பைக் கவனிக்கும் வரை அடுத்ததை அனுப்ப வேண்டாம்.

உரிமத்தில் கவனம் தேவை. பைக்யூட்டி ஜிபிஎல் அல்லது கட்டண உரிமம். மூலநிரலைத் திறக்காமல் விற்க விரும்புபவர்கள் எல்ஜிபிஎல்லில் கிடைக்கும், க்யூட்டியின் இன்னொரு பைதான் வடிவமான பைசைட்6 எடுக்கலாம், அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு. வெறுமனே காட்டினால் போதும், கணக்கு எதுவும் இல்லை என்பவர்களுக்கு ஓப்பன்சிவியே வேண்டாம். க்யூட்டி 6-இன் சொந்தக் கேமரா வகுப்பும் வீடியோசிங்கும் போதுமானவை.

ஓப்பன்சிவியின் கேமரா பகுதியே உதவாத இரண்டு இடங்கள் உண்டு. பாஸ்லர் போன்ற தொழிற்சாலைக் கேமராக்களை அந்த நிறுவனத்தின் சொந்த நூலகம் வழியாகத்தான் முழுமையாகப் பயன்படுத்த முடியும். பாஸ்லருக்கு அது பைலான். படத்தை அங்கே வாங்கி, மேட்டாக மாற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் இங்கே சொன்னபடிதான். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் ரிப்பன் கம்பிக் கேமராவும், புல்ஸ்ஐ என்ற அதன் இயங்குதள வெளியீட்டுக்குப் பிறகு எண் 0 கொடுத்து வழக்கமாகத் திறக்காது. பிகேமரா2 என்ற அதன் பைதான் நூலகம் வழியாக அணியாக வாங்குங்கள். அதன் வடிவப் பட்டியலில் ஆர்ஜிபி888 என்று பெயரிட்டிருப்பதுதான் ஓப்பன்சிவி எதிர்பார்க்கும் நீலம், பச்சை, சிவப்பு வரிசை. பெயரை நம்பி மாற்றப்போனால் முகங்கள் நீலமாகும்.